அடைத்த வடிகால்

அந்த ஆண்டு ஆற்றில் தண்ணீர் இல்லை. வாய்க்காலின் கடைக்கோடியில் இருந்த இந்திஸாரின் வயலுக்கு மே மாதம் ஒருமுறை வந்தது. பிறகு வரவில்லை.

மண் இருவாட்டி. மணலும் வண்டலும் களியும் கலந்தது. ஈரத்தோடு பிடித்தால் உருண்டையாக நிற்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் நல்ல மண் என்பார்கள். ஒரு மண்வெட்டி ஆழத்தில் டிராக்டர்கள் ஆண்டாண்டாக அழுத்தி இறுக்கிய தகடு இருந்தது. வேர் அதுவரை போய்ப் பக்கவாட்டில் திரும்பும். தகட்டுக்குக் கீழே சாம்பல் மண், அதில் துருப்புள்ளிகள். இன்னும் கீழே நீலம் பாய்ந்த சேறு, அழுகிய முட்டை வாடை. அதற்குக் கீழே தண்ணீர்.

வசந்தத்தில் மற்ற வயல்கள் சூடேறிய பிறகும் இது குளிர்ந்து கிடக்கும். விதை அழுகும். மழை பெய்தால் மேல்மண் கரைந்து தட்டு கட்டும். முளைகள் தட்டுக்கு அடியிலேயே வெளுத்துச் சாகும். இந்திஸார் இரண்டு முறை விதைத்தாள். இரண்டாவது முறை மகள்களோடு வரிசை வரிசையாகக் குனிந்து தட்டைக் குச்சியால் கீறிவிட்டாள். முளைத்தது.

முந்தைய ஆண்டு பருத்தி அரசு கேட்ட அளவுக்குக் குறைந்திருந்தது. இன்னொரு முறை குறைந்தால் அரசுக் குத்தகை ரத்து, நிலம் பெரிய பண்ணைக்குப் போகும் என்று மாவட்டத்தில் சொல்லிவிட்டார்கள். அவள் கணவன் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவன், அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டான். அவளிடம் இருந்தது நிலம்தான்.

வாய்க்கால் வறண்டால் வடிகாலை அடைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வடிகால் என்பது உப்புத் தண்ணீர் வெளியேறுவதற்காக வெட்டியது. அடைத்தால் தண்ணீர் போக வழியில்லாமல் வயலுக்கடியில் ஏறும். இருவாட்டி மண் அதைத் திரிபோல மேலே இழுக்கும். செடி கீழிருந்து குடிக்கும். உப்பும் கூடவே வரும். அதைக் குளிர்காலத்தில் தண்ணீர் கட்டிக் கழுவிக்கொள்ளலாம் என்பார்கள்.

அடைப்புக்கு ஒரு முறை உண்டு. அடைத்தவர்தான் திறக்க வேண்டும். அடுத்தவர் அடைப்பில் மண்வெட்டி வைத்தவனோடு யாரும் ரொட்டி பிட்டுத் தின்ன மாட்டார்கள். இதற்காக மண்டை உடைந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள்.

ஜூன் கடைசியில் இந்திஸார் அடைத்தாள். பாதைக்கடியில் போகும் குழாயின் வாயில் நாணல் கட்டுகளைத் திணித்து, பிளாஸ்டிக் விரித்து, சேற்றை மிதித்தாள். கொழுந்தன் சபர் வந்து நாணல் வெட்டிக் கொடுத்தான். அவன் வீடு அடைப்புக்கு மேற்புறம், தண்ணீர் தேங்கும் பக்கம், வடிகால் கரையிலேயே இருந்தது. அடைப்பைப் போட்டது அண்ணி மட்டும்தான் என்று இருக்க வேண்டும் என்பதற்காக அவன் சேற்றில் கால் வைக்கவில்லை. கரையில் நின்று கட்டுகளை எறிந்தான்.

சில நாட்களில் பருத்தி நிமிர்ந்தது. நடுப்பகலில்கூட இலை தொங்கவில்லை. பக்கத்து வயல்களில் செடிகள் கருகிக் கிடக்க, இவள் வயல் கரும்பச்சையாக நின்றது. பார்த்துப்போனவர்கள் அவளுக்கு நல்ல கை என்றார்கள்.

சபர் தன் மகனின் கல்யாணத்துக்காக ஓர் அறை கட்டியிருந்தான். இலையுதிர் காலத்தில் மருமகள் வருவாள். எல்லோரையும்போல மண்ணைக் குழைத்து, படை படையாக மிதித்து எழுப்பிய சுவர். வயல் மண்தான். சுவரின் அடியில் நாணல் பரப்பித்தான் கட்டியிருந்தான், ஈரம் மேலே ஏறாமல் இருக்க. பிறகு விருந்தாளிகள் சேற்றில் மிதிக்கக் கூடாது என்று முற்றத்தில் மண்ணடித்து மேடாக்கினான். நாணல் படுக்கை மண்ணுக்குள் போய்விட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை.

ஜூலையில் புதுச்சுவரின் அடி கறுத்தது. கறுப்புக்கு மேலே வெள்ளையாக உப்புப் பூத்தது. சபர் வந்து சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை. மருமகளுக்கென்று கட்டிய அறையில் முதலில் தவளை குடிவந்துவிட்டது, வாடகை கேட்டால் கத்துகிறது என்றான். இந்திஸார் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். காய் பிடிக்கும் நேரம், கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். அவன் வயலைப் பார்த்தான். பருத்தி முழங்காலுக்கு மேல் வளர்ந்திருந்தது. சரி என்றான்.

அவன் மனைவி பீகாஜான் சரி என்று சொல்லவில்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு காலை, இந்திஸார் மாவட்ட அலுவலகக் கூட்டத்துக்காகப் பாதையில் வண்டிக்குக் காத்து நின்றபோது வந்தாள். கையில் சுவரிலிருந்து உதிர்ந்த பூச்சு இருந்தது. அதை இந்திஸாரின் உள்ளங்கையில் வைத்தாள். ஊறிய ரொட்டிபோல இருந்தது.

"அக்கா, உங்க பருத்தி என் சுவத்தக் குடிச்சுத்தான் வளருது."

"இன்னிக்கு சாயங்காலம் தெறந்துடறேன்."

"இப்பவே தெறங்க. ஈரம் என் நெஞ்சு உயரத்துக்கு ஏறிடுச்சு. கைய வெச்சா கை உள்ள போகுது."

"வண்டி வந்துடும் பீகாஜான். கூட்டத்துக்குப் போகலன்னா பேரை எழுதிருவாங்க. ஏற்கெனவே என்மேல கண்ணு."

"உங்க பேரை எழுதுனா நிலம் போகும். என் சுவரு போனா?"

"சாயங்காலம்னு சொல்றேன்ல. வந்ததும் மொத வேலை அதான்."

பீகாஜான் சிரித்தாள். அவளுக்குக் கோபம் வந்தாலும் சிரிப்புத்தான் வரும்.

"சரி, போயிட்டு வாங்க. வரும்போது அந்தப் பெரிய மனுசங்ககிட்ட ஒரு வாளி தண்ணி கேட்டு வாங்கிட்டு வாங்க. மெத்தையெல்லாம் அந்த ரூம்லதான் கெடக்கு. போய் எடுத்து வெளிய போடறேன்."

வண்டி வந்தது. அடைப்பைத் திறக்க ஒரு மணி நேரமாவது ஆகும். இந்திஸார் ஏறிக்கொண்டாள்.

கூட்டத்தில் கைபேசிகளை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். மாவட்டத் தலைவர் மதியம்தான் வந்தார். பருத்தி காய்ந்துபோன விவசாயிகளை ஒவ்வொருவராக எழுப்பி நிறுத்தித் திட்டினார். ஒரு கிழவரை, உன் நிலத்தில் கழுதைகூட மேயாது, நீ ஏன் இன்னும் அங்கே இருக்கிறாய் என்றார். இந்திஸாரின் முறை வந்தபோது வேளாண் அதிகாரி அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் தலையசைத்தார். இந்தப் பெண்ணைப் பாருங்கள், இவளுக்கும் அதே வறட்சிதான் என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பின்வரிசையில் நின்றுகொண்டு, பேச்சு முடிவதற்காகக் காத்திருந்தாள்.

கைபேசி திரும்பக் கிடைத்தபோது சபரின் அழைப்புகள் வரிசையாக இருந்தன. திருப்பி அழைத்தாள். யாரோ ஒருவர் எடுத்தார். சபர் இல்லை. உடனே வரச் சொன்னார்.

சுவர் நடுவில் உடையவில்லை. அடி நசுங்கி, முழுதாக உட்கார்ந்து, உள்ளே சாய்ந்திருந்தது. கூரை உத்திரங்கள் அதன்மேல் கிடந்தன. ஆண்கள் மண்ணை வெட்டிப் பார்த்தார்கள். வெட்ட வரவில்லை. கையால் அள்ளினார்கள். மண் இழுத்துப் பிடித்தது, மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. பீகாஜானை எடுத்தபோது அவள் கைகளில் ஒரு மெத்தை மடித்தபடியே இருந்தது. மற்றவற்றையெல்லாம் வெளியே கொண்டுவந்து வேலியில் போட்டிருந்தாள். அது கடைசி மெத்தை.

எங்கள் பக்கத்தில் இறந்தவர்களைக் குழியில் இறக்குவதில்லை. தோண்டினால் தண்ணீர் ஊறும். தரைக்குமேல் சுட்ட செங்கல் அடுக்கி, அதற்குள் வைத்து மூடுவார்கள். மறுநாள் பீகாஜானை அப்படி வைத்தார்கள். இந்திஸார் பெண்களோடு துக்க வீட்டில் இருந்தாள். ரொட்டி சுட்டார்கள், அவளும் சுட்டாள். அவள் தட்டிய ரொட்டிகளையும் மற்றவற்றோடு சேர்த்தே வைத்தார்கள். அவள் அதைக் கவனித்தாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் குறைந்த பிறகு ஒரு காலை மண்வெட்டியோடு அடைப்புக்குப் போனாள். சேறு மேலே காய்ந்து வெடித்திருந்தது. உள்ளே குழைவாகவே இருந்தது. முதல் வெட்டு வெட்டியபோது சபர் பாதையில் வந்து நின்றான். சவரம் செய்யாத முகம்.

"என்ன பண்றீங்க அண்ணி?"

"தெறக்கறேன்."

"எதுக்கு?"

அவள் இன்னொரு வெட்டு வெட்டினாள்.

"அன்னிக்கு மத்தியானம் நான் இங்கதான் நின்னேன்," என்றான் சபர். "கையில மண்வெட்டி. உங்களுக்கு ஃபோன் போட்டுக்கிட்டே இருந்தேன். ஒரு வார்த்தை, தெறடா தம்பின்னு சொல்லிட்டாப் போதும்னு. அவ உள்ளேர்ந்து கூப்பிட்டா, அங்க என்ன காவலா இருக்கீங்க, வந்து பெட்டியத் தூக்குங்கன்னு. இதோ வரேன்னேன்."

"நீ தெறந்திருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன், தம்பி."

"அது இப்பத் தெரியுது."

அன்று திறந்திருந்தாலும் சுவர் காய்ந்திருக்காது. இருவாட்டி மண் குடித்த தண்ணீரை லேசில் விடாது. சுவரில் ஈரம் இறங்கி வற்றப் பல வாரங்கள் ஆகும். இருவருக்கும் அது தெரியும்.

அவள் மறுபடி மண்வெட்டியை ஓங்கினாள். சபர் கரையில் இறங்கி வந்து அதன் பிடியைப் பிடித்தான். முதன்முறையாக அந்த அடைப்பில் கால் வைத்தான்.

"விடுங்க. காய் புடிச்சிருக்கு. இப்பத் தெறந்தா ஒரு வாரத்துல கொட்டிடும்."

"கொட்டட்டும்."

"கொட்டிட்டா, அவ எதுக்குச் செத்தா?"

அவன் குரல் உயரவில்லை. மண்வெட்டியை அவள் கையிலிருந்து வாங்கி, அவள் வெட்டிய இடத்தில் சேற்றைத் திரும்ப அள்ளிப் போட்டு, காலால் மிதித்தான். ஒழுங்காக, ஓரத்திலிருந்து நடுவுக்கு மிதித்தான். பிறகு மண்வெட்டியைக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போனான்.

செப்டம்பரில் பருத்தி வெடித்தது. இலைகள் ஓரத்தில் பழுத்துச் சுருளத் தொடங்கியிருந்தன, உப்பு. ஆனால் காய்கள் முந்திக்கொண்டன. சபரும் மகனும் கேட்காமலே பறிக்க வந்தார்கள். மகன் இந்திஸாருக்கு இரண்டு வரிசை தள்ளியே பறித்தான். அவள் சாப்பாட்டுத் துணியை விரித்தபோது அவன் மட்டும் வரப்பின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்து தன் ரொட்டியைத் தின்றான். இந்திஸார் தேநீரைப் பெரிய மகளிடம் கொடுத்தனுப்பினாள். கிண்ணம் நிறைந்தபடியே திரும்பி வந்தது. கல்யாணம் தள்ளிப்போனது. பிறகு பெண் வீட்டார் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

பருத்தி அளவு தேறியது. மாவட்டத்தில் ஒரு சான்றிதழும் மின்சாரக் கெட்டிலும் கொடுத்தார்கள். குத்தகை நீடித்தது.

கடைசிப் பறிப்பு முடிந்த அன்றே அவள் அடைப்பைத் திறந்தாள். யாரும் தடுக்கவில்லை. தண்ணீர் பழுப்பாக ஓடி, பிறகு மெலிந்தது. வடிகாலில் தண்ணீர் இறங்கியது. வயலுக்கடியில் இறங்கவில்லை. மேலே காய்ந்ததும் ஓரங்களிலிருந்து உப்புப் பூத்து வெளுத்தது. நவம்பரில் நடுவயலும் வெளுத்தது. மேலே நடந்தால் ஒரு தட்டு உடையும், கால் அதற்கடியில் வழுக்கும். உப்பைக் கழுவக் குளிர்காலத் தண்ணீர் வேண்டும். வாய்க்கால் மேற்பார்வையாளரிடம் கேட்டாள். இந்தக் குளிர்காலத்தில் மேல்பகுதிக்கே போதாது என்றார் அவர்.

உழவுக்கு டிராக்டர் வந்தது. ஓட்டுநர் வண்டியை வரப்பிலேயே நிறுத்திவிட்டு இறங்கினார். வயலுக்குள் கொஞ்சதூரம் நடந்தார். குதிகாலால் ஒரு குழி மிதித்தார். குழியில் தண்ணீர் ஊறியது. ஒரு கை மண் எடுத்துப் பிசைந்து, விரல்களுக்கிடையில் வழுக்கி வருவதைப் பார்த்துவிட்டு, கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"இதுல கொழு எறங்கும் அக்கா. ஏறாது. இப்ப உழுதா பாளம் பாளமா பெரளும், அது காஞ்சா செங்கல். அதை உடைக்கக் கல்லுடைக்கறவனத்தான் கூப்பிடணும்."

"எப்ப உழலாம்?"

அவர் வயலைப் பார்த்தார்.

"வேற யார்கிட்டயாவது குடுத்துருங்க. பண்ணைக்காரங்க கேட்டாங்கன்னு சொன்னாங்களே."

"அது போன வருசம்," என்றாள் இந்திஸார். "இப்ப அவங்களும் வேணாங்கறாங்க."

அவர் வண்டிப் பக்கம் திரும்பினார்.

"உழுங்க," என்றாள். "நிலம் என்னுதுதான்."

அவர் வண்டியில் ஏறிக் கலப்பையை இறக்கினார்.