படத்தில் இருப்பவரின் கையொப்பம்

"அக்கா, நீங்க எடுக்கிற படம் உங்கடயா, எங்கடயா?"

அருளப்புவின் செத்தவீட்டில், சவப்பெட்டியின் கால்மாட்டில் நின்றுகொண்டு அவருடைய மகள் ஷானிகா கேட்டாள். அவளுக்கு அப்போது ஆறு வயது. அனஸ்தாசியா கமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ரெண்டு பேருடயும்தான் செல்லம். இப்ப அசையாம நில்லுங்கோ" என்றாள். யோசித்துச் சொன்ன பதில் அல்ல.

பள்ளிவாசல்துறை என்ற அந்த மீன்பிடிக் கிராமத்தில் அடக்கத்துக்கு முன் பெட்டியைச் சுற்றிக் குடும்பமாக நின்று படம் எடுப்பார்கள். வர முடியாமல் இத்தாலியில் இருக்கும் உறவுகளுக்கு அனுப்புவதற்கு. அதில் எவரும் அழுதுகொண்டு நிற்பதில்லை. தூரத்தில் இருப்பவர்கள் பார்த்து உடைந்துபோவார்கள் என்று பயம். அதனால் படம் எடுப்பவர்தான் சொல்ல வேண்டும்: "கொஞ்சம் அழாம நில்லுங்கோ, இத்தாலிக்குப் போற படம்."

அருளப்புவின் மனைவி மக்தலேனா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். ஆறு படங்கள் எடுக்கும்வரை நின்றாள். பிறகு வாய் கோணி, மூக்கு ஒழுகி, சேலை தோளிலிருந்து சரிய, பெட்டியின் மேல் விழுந்தாள். அனஸ்தாசியாவின் விரல் பழக்கத்தில் இன்னொரு முறை அமர்ந்தது. அது ஏழாவது படம். அதை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. அழிக்கவும் இல்லை.

அன்று புறப்படும்போது மழை பிடித்துக்கொண்டது. மக்தலேனா எழுந்து வந்து, அருளப்பு கடலுக்குப் போட்டுப் போகும் மழைக்கோட்டைக் கமராப் பையின் மேல் போர்த்திவிட்டாள். "இது நனைஞ்சா உன்ட பிழைப்புப் போயிரும் பிள்ளை." பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அவர் தனிய நிக்கிற படம் ஒண்டும் என்னட்ட இல்ல. உன்னட்ட இருந்தாத் தேடித் தாறியா?"

"ஓம் அக்கா, கட்டாயம்."

கோட்டை மறுநாளே கொடுத்தனுப்பினாள். படத்தைத் தேடவில்லை. ஒரு வருடம் போய்விட்டது.

கல்பிட்டிக் கரையில், வெள்ளைக்காரர் காற்றாடி கட்டிக் கடலில் ஓடும் இடத்தில், ஒரு விடுதிக்கு அவள் நாள் கூலிக்குப் படம் எடுத்தாள். முகாமையாளர் ஒருநாள் கூப்பிட்டார். "ஏற்றுக்கொள்ளக்கூடிய சான்றிதழ் ஒண்டு மே மாசத்துக்குள்ள கொண்டு வந்தா நிரந்தரமா எடுக்கிறன். இல்லாட்டி கொழும்பில இருந்து ஒரு ஆள் வாறார்."

அப்போது ஜனவரி. அனஸ்தாசியா போனில் தேடி இரண்டு படிப்புகளைப் பிடித்தாள். முதலாவது ஒரு வருடம். இணையத்தில் வகுப்பு, கடைசியில் நேரில் சோதனை, அரசாங்கம் ஒப்புக்கொள்ளும் சான்றிதழ். விண்ணப்பத்தோடு பத்துப் படங்கள் வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் 'படத்தில் இருப்பவரின் கையொப்பம்' என்று ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பார்த்ததும் அவளுக்கு எரிச்சல் வந்தது. யார் வீடு வீடாக அலைவது? மற்றது மூன்றே மாதம். 'சர்வதேச டிப்ளோமா', சோதனை இல்லை. ஆலோசகர் நிலுக்சன் அன்றே அழைத்தான்.

"மிஸ், உங்கட படங்களில சிலதை அனுப்புங்க. பாத்துட்டுக் கட்டணத்தில கழிவு தருவம்."

கலியாணம், பிள்ளைகளின் முதல்நன்மைப் பூசை, வள்ளம் என்று ஒன்பது படங்கள் அனுப்பினாள்.

"வடிவா இருக்கு மிஸ். ஆனா சும்மா பால்சோறு மாதிரி. கண்ணீர் கிண்ணீர் ஒண்டும் இல்லையா? மனுசரைப் பிடிச்சு உலுக்கோணும்."

அவள் பழைய கோப்புகளைத் திறந்து ஏழாவது படத்தை அனுப்பினாள். அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது: 'சூப்பர் மிஸ்! பாதிக் கட்டணம். உங்களுக்கு இடம் நிச்சயம்.' அன்றிரவு அவள் சந்தோசமாகத்தான் படுத்தாள். அதையும் சொல்ல வேண்டும்.

காலை ஆறு மணிக்குப் போனைத் திறந்தாள். மக்தலேனாவின் கோணிய வாய் திரை நிறைய இருந்தது. மூக்கில் ஒழுகியது கூடத் துலக்கமாக. மேலே மஞ்சள் எழுத்தில், 'உங்கள் கையிலும் இப்படி ஒரு படம்! மூன்றே மாதத்தில் டிப்ளோமா!' கீழே கைதட்டும் பொம்மைகள். யாரோ ஒருவன் சரிந்த சேலையைப் பற்றி ஒரு சொல் எழுதியிருந்தான். அதற்கு நாற்பது பேர் சிரித்திருந்தார்கள்.

அனஸ்தாசியா போனைக் கவிழ்த்து வைத்தாள். கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். அழுகிய மீனைத் தெரியாமல் கையில் எடுத்துவிட்டால் எத்தனை சவர்க்காரம் போட்டாலும் மணம் விடாது, அப்படி இருந்தது. மக்தலேனாவிடம் இருப்பது பொத்தான் போன், அவள் பார்க்கமாட்டாள். ஆனால் இத்தாலியில் அவளுடைய தம்பி இருந்தான். அங்கே விடிவதற்கு இன்னும் ஐந்தாறு மணித்தியாலம்தான்.

நிலுக்சனை அழைத்தாள். மூன்றாம் முறை எடுத்தான்.

"என்ன மிஸ் விடியக் காத்தால? பாத்தீங்களா, உங்கட படம் பிச்சுக்கொண்டு போகுது!"

"அதை எடுங்க தம்பி. அது செத்தவீடு. அந்த அக்காவுக்குத் தெரியாது."

"நீங்க அனுப்பேக்க 'சம்மதம்' எண்டு தொட்டுத்தானே அனுப்பினீங்க?"

"நான் தொட்டன். அவ தொடல்லையே."

அவன் சிரித்தான். "மிஸ், அழுற ஆளிட்டக் கையெழுத்து வாங்கிப் படம் எடுக்கிறதா? சரி, உங்களுக்காக ஒண்டு செய்யிறன். வேற ஒரு அழுற படம் இருந்தா அனுப்புங்க. இதை எடுத்துட்டு அதைப் போடுறன்."

அவன் கெட்ட குரலில் பேசவில்லை. தேங்காய் ஒன்று சொத்தை என்றால் வேறொன்று மாற்றித் தரும் கடைக்காரனைப் போல, உதவி செய்கிற குரலில்தான் சொன்னான். அவளுக்கு அதுதான் தாங்க முடியவில்லை. நேற்று அந்தக் கடைக்குச் சரக்குக் கொண்டுபோனது தான்தான் என்பது அதைவிடத் தாங்க முடியவில்லை.

"எனக்கு உங்கட படிப்பு வேண்டாம்" என்று வைத்துவிட்டாள். பிறகு அந்த விளம்பரத்தின் கீழே, தன் முழுப் பெயரோடு எழுதினாள்: 'இந்தப் படத்தை எடுத்தது நான். ஒரு செத்தவீட்டில், அந்த அக்காவிடம் கேட்காமல் எடுத்தேன். கேட்காமல் கொடுத்தேன். பிழை என்னுடையது. இதை நீக்கச் சொன்னதற்கு, இன்னொருவர் அழும் படத்தை மாற்றாகக் கேட்கிறார்கள். இங்கே படிக்கச் சேர நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.'

இரண்டு முறை அழித்தார்கள். இரண்டு முறையும் திரும்ப எழுதினாள். சேர வந்த பிள்ளைகள் சிலர் கீழே கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். ஒன்பது மணிக்குச் சற்றுப் பிறகு விளம்பரமே காணாமல் போனது. இத்தாலியில் இன்னும் விடிந்திருக்காது. அவள் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தாள். நன்றி சொல்லவும் கூச்சமாக இருந்தது.

அன்றைக்கே ஒரு வருடப் படிப்பின் விண்ணப்பத்தை எடுத்து நிரப்பி, கையொப்பக் கோடுகளுக்காக வீடு வீடாக நடக்கத் தொடங்கினாள். முகாமையாளரிடம் போய், சான்றிதழ் வர ஒரு வருடம் ஆகும் என்று சொன்னபோது, "பாப்பம்" என்றார். அவர் பாப்பம் என்றால் இல்லை என்று அர்த்தம்.

மக்தலேனாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லலாமா என்று பல நாள் யோசித்தாள். சொன்னால் தன் நெஞ்சு லேசாகும், அவளுடைய நெஞ்சில் நாற்பது பேர் சிரித்தது ஏறும். அது மன்னிப்புக் கேட்பதாகாது என்று பட்டது. ஏழாவது படத்தை அழித்தாள். அதன் பிறகு, வாக்குக் கொடுத்த வேலையை ஒரு வருடம் பிந்தித் தொடங்கினாள். ஐந்து வருடத்துப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நாலாம் நாள் கிடைத்தது. தலவில் கோயில் பெருநாளில் யாரோ ஒரு குடும்பத்தை எடுத்த படத்தின் ஓரத்தில், ஐஸ்பழம் கையில் உருகி வழிய, அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு அருளப்பு தனியாக நின்றார்.

பாலாவியில் இருக்கும் படக்கடைக்குப் பஸ் ஏறிப் போய், அவரை மட்டும் பெரிதாக்கி, சட்டம் போட்டு வாங்கினாள்.

மக்தலேனா கரையில் மீன் காயவைக்கும் வாடியில் கருவாடு புரட்டப் போயிருந்த நேரம். ஷானிகா பள்ளிக்கூடத்தில். கதவு சும்மா சாத்தியிருந்தது. அனஸ்தாசியா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். திரு இருதயப் படத்தின் கீழே சின்னச் சிவப்புப் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் அருளப்புவை வைத்தாள். பெயரும் எழுதவில்லை, கடிதமும் வைக்கவில்லை. சட்டத்தின் கண்ணாடியில் பதிந்திருந்த தன் விரல் அடையாளத்தைச் சட்டை நுனியால் துடைத்தாள். கதவை முன்பு இருந்ததுபோலவே சாத்திவிட்டு வெளியே வந்தாள்.