கோட்டுக்கு முன்னால் நின்றவன்

என் அப்பாவைப் புதைத்த மேட்டின் மேல் ஆணை. அந்த மேட்டில் முளைத்த புல்லின் மேலும் ஆணை. அறுவடைத் திருநாளுக்கு முன் ஆண்டுதோறும் அந்தப் புல்லை வெட்டுகிறவன் நான்தான். பொய் சொன்னால் அடுத்த முறை அரிவாள் என் கணுக்காலில் இறங்கட்டும். இனி வரும் எதிலும் ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை. கொஞ்சம் குறைத்திருக்கிறேன். முழுதும் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

ஆசியக் குளிர்கால விளையாட்டு எங்கள் ஊருக்கு வந்த ஆண்டு, சறுக்குக் கூடத்தில் எனக்கு வாளி வேலை. ஒவ்வோர் ஓட்டம் முடிந்ததும் வளைவில் காலணிக் கத்தி கிழித்த பனித்தரை மேல் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது உறைந்து மூடிக்கொள்ளும். வளைவோரம் வாளியோடு நிற்கிறவனை யாரும் ஆளாக மதிப்பதில்லை. அதனால் அவன் காதில் விழாத பேச்சே கிடையாது.

எங்கள் அணியில் மூத்தவன் தாக் மான்சிக். அவன் தொடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கால்சட்டைக்கு அளவெடுக்கும் சந்தைத் தையற்காரர், தொடையைச் சுற்றி வரப் போகும் நாளில் மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு வருவார். இளையவன் யோம் தேஜின். வளைவில் அவன் சாய்கிற சாய்வில் இடது காது பனியில் உரசி உரசிப் பாதியாகத் தேய்ந்திருந்தது. ஒருமுறை அவன் நிழல் பக்கத்து ஆளை இடித்துவிட்டது என்று நடுவர் நிழலை மட்டும் தகுதிநீக்கம் செய்தார். அன்று அவன் பதக்க மேடையில் நிழல் இல்லாமல் நின்றான். படம் இருக்கிறது.

வேகம் தேஜினிடம் இருந்தது. தங்கம் மான்சிக்குக்கு வேண்டியிருந்தது. எங்கள் நாட்டில் ஆண் பிள்ளை ஒவ்வொருவனும் பட்டாளத்துக்குப் போயாக வேண்டும். தங்கம் வாங்கியவனுக்கு மட்டும் அது கிடையாது. வெள்ளி வாங்கியவனுக்குப் பட்டாளத்தில் பட்டப்பெயர் கிடைக்கும். மான்சிக் தன் முறையைத் தள்ளித் தள்ளிப் போட்டு, இனித் தள்ள வயது இல்லை என்ற இடத்துக்கு வந்திருந்தான். இந்த ஓட்டம் தப்பினால் வசந்தத்தில் தலை மழிக்க வேண்டும். திரும்பி வரும்போது அந்தத் தொடைகள் வெறும் சதையாகியிருக்கும். தேஜினுக்கோ வயது நிறையக் கிடந்தது.

ஓட்டத்துக்கு முன் பயிற்சியாளர் பியோ, உடைமாற்றும் அறையில் இருவரையும் நிற்க வைத்தார். நான் வாளி நிரப்பிக்கொண்டிருந்தேன்.

"டேய் தேஜின், இன்னிக்கு உன் வேலை என்னடா?"

"அண்ணனுக்குப் பின்னாடி சுவர் மாதிரி நிக்கிறது, ஐயா."

"சீனாக்காரன் உள்பக்கமா நுழைஞ்சா?"

"என் மேல ஏறித்தான் நுழையணும்."

"நீ அண்ணனை முந்துனா?"

"முந்துனதே இல்லையே, ஐயா."

"முந்தித்தான் பாரேன்டா," என்றான் மான்சிக். "மிச்சக் காதையும் பிச்சு கிம்ச்சி ஊறுகாய் ஜாடியில போட்டு மூடிடறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். தேஜினும் சிரித்தான். சிரிக்காவிட்டால் அதற்கும் அடி உண்டு.

பியோவின் அணியில் அப்படித்தான். மூத்தவன் துணியை இளையவன் துவைப்பான், கத்தியைத் தீட்டுவான். பயிற்சியில் மூத்தவனை முந்தக் கூடாது. மூத்தவன் விழுந்துவிட்டால், அவன் எழுந்து தூசு தட்டி ஓடத் தொடங்கும் வரை இளையவன் தலைகுனிந்து நிற்க வேண்டும். ஒருமுறை தேஜின் நிற்க மறந்தான். பியோ ஹாக்கி மட்டையை மான்சிக்கிடம் கொடுத்தார். அந்த மாதம் முழுக்கத் தேஜின் நின்றுகொண்டே சோறு தின்றான். இதில் நான் எதையும் குறைக்கவில்லை.

இறுதி ஓட்டத்தில் இவர்கள் இருவரோடு ஒரு சீனாக்காரர், ஒரு ஜப்பான்காரர், ஒரு கஸாக். துப்பாக்கி வெடித்தது. மான்சிக் முன்னால் போனான், தேஜின் அவன் முதுகில் ஒட்டிக்கொண்டான். சீனாக்காரர் உள்பக்கம் பார்த்தார், அங்கே தேஜின். வெளிப்பக்கம் பார்த்தார், அங்கேயும் தேஜின். ஒரே ஆள் இரண்டு இடத்தில் எப்படி என்று அவர் யோசிப்பதற்குள் நான்கு சுற்று போய்விட்டது. பின்னால் வந்த மூவரும் மூச்சு வாங்கிப் பின்தங்கினார்கள்.

மணி அடித்தது. கடைசிச் சுற்று. கடைசி வளைவு. மான்சிக்கின் கத்தி வளைவைக் குறிக்க வைத்த கறுப்புக் கட்டையில் தட்டியது. அவ்வளவு பெரிய உடம்பு அரிசி மூட்டை போல விழுந்து, என் காலடி வழியாகச் சறுக்கி, ஓர மெத்தையில் போய் மோதியது.

தேஜின் வளைவைத் தாண்டி நேர்பாதைக்கு வந்தான். எதிரே கோடு. அவனுக்கு முன் யாரும் இல்லை, பின்னால் பக்கத்தில்கூட யாரும் இல்லை. நான்கு வீச்சு வீசினால் தங்கம் அவனுக்கு.

அவன் கத்திகளைக் குறுக்கே போட்டான். பனித்தூள் பறந்தது. நின்றான். திரும்பி, கைகளை உடம்போடு ஒட்டி, தலை குனிந்துகொண்டான்.

சீனாக்காரர் கோட்டைத் தாண்டினார். அடுத்து ஜப்பான்காரர், அடுத்து கஸாக். ஊர் எல்லையில் நட்ட மரப்பொம்மையைப் பார்ப்பது போல ஒவ்வொருவரும் அவனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மான்சிக் எழுந்தான், முழங்காலைத் தட்டினான், வந்து கோட்டைத் தாண்டினான். அதன் பிறகே தேஜின் தாண்டினான்.

பியோவின் முகம் மிளகாய்ப் பசையின் நிறத்தில் இருந்தது. "தங்கம் உன்னுதுடா, மடையா! எதுக்குடா நின்ன?"

"அண்ணன் விழுந்துட்டாரு, ஐயா."

"விழுந்தா? நிக்கச் சொன்னது யாருடா?"

"நீங்கதான், ஐயா."

பியோ கையை ஓங்கினார். தொலைக்காட்சிக்காரர்கள் சுற்றி நின்றதால் அந்தக் கையால் தன் தலையையே தடவிக்கொண்டார்.

மறுநாளே தேஜின் தலையை மழித்துக்கொண்டு பட்டாளத்துக்குப் பெயர் கொடுத்தான்.

"உனக்கு இன்னும் வயசு கிடக்கேடா," என்றார் பியோ. "இன்னொரு விளையாட்டுப் பாக்கலாமே."

"முதல்ல போயிட்டா நல்லதுன்னு தோணுச்சு, ஐயா."

சில வாரம் கழித்து மான்சிக்குக்கு ஆணை வந்தது. வடக்கு எல்லை முள்வேலி ஓரத்து மலைமுகாமுக்குக் கால் வலுவுள்ளவர்களைத்தான் அனுப்புவார்கள். அங்கே அவன் போய் இறங்கியபோது வாசலில் தேஜின் நின்றிருந்தான். பட்டாளத்தில் வயது செல்லாது. முன்னால் வந்தவன் மூத்தவன், ஒரு நாள் முன்னால் வந்திருந்தாலும். மான்சிக் விறைத்து நின்று வணக்கம் வைத்தான்.

அந்த முகாமுக்கு முட்டைக்கோசு ஏற்றிப்போகும் வேலையும் அப்போது எனக்குத்தான். ஆகவே கேளுங்கள்.

தேஜின் அவனை அடிக்கவில்லை. துணி துவைக்கச் சொல்லவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. மான்சிக் ஒவ்வொரு நாளும் அடிக்காகக் காத்திருந்தான். காத்திருந்து காத்திருந்து அவன் இளைத்த இளைப்பில், ஒரே கால்சட்டைக் காலுக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டான். இலையுதிர் காலத்தில் நான் மூட்டை இறக்கும்போது அடுப்படிக்குப் பின்னால் பேச்சு கேட்டது.

"ஒரு தடவை அடிச்சிடுங்க, ஐயா. நான் தூங்கணும்."

"எதுக்கு? நீ ஒரு தப்பும் பண்ணலையே."

"நான் பண்ணதெல்லாம் உங்களுக்குத் தெரியும்."

"மூட்டையைத் தூக்கு. முட்டைக்கோசு நனையுது."

குளிர் இறங்கியதும் மான்சிக் மற்றவர்களின் காவல் முறையையும் கேட்டு வாங்கத் தொடங்கினான். கொட்டகைக்குள் தேஜினின் கண் முன்னால் கிடப்பதைவிட வெளியே பனி மேலாக இருந்தது அவனுக்கு. ஒரு காலை, காவல் முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றினான். வலது கால் வந்தது. விரல்கள் பூட்ஸிலேயே தங்கிவிட்டன.

தேஜின் அவனை முதுகில் சுமந்துகொண்டு மலை இறங்கினான். என் வண்டி பனியில் புதைந்திருந்ததால் நானும் பின்னால் நடந்தேன். பாதி வழியில் மான்சிக் அவன் பாதிக் காதில் வாயை வைத்துக் கேட்டான்.

"அன்னிக்கு நின்னியே, தேஜின். என்னை அழிக்கத்தானே?"

தேஜின் அவனை முதுகில் இன்னும் மேலே ஏற்றிக்கொண்டான்.

"நீங்க விழுந்துட்டீங்களே, அண்ணே," என்றான். அது பதிலா, பழிவாங்கலா என்று எனக்குத் தெரியவில்லை. மான்சிக்குக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவன் அழுதான்.

பட்டாளம் முடித்து வந்த தேஜின் அடுத்த விளையாட்டில் தங்கம் வாங்கினான். இனி அது அவனை எதிலிருந்தும் காப்பாற்ற வேண்டியிருக்கவில்லை. மான்சிக் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கோழி வறுத்து விற்கிறான். சறுக்கோட்டம் காட்டும் நாளில் கடைத் தொலைக்காட்சியை அணைத்துவிடுவான். யாராவது கேட்டால் பழுது என்பான்.

ஒன்றைத்தான் குறைத்திருந்தேன்: எங்கள் ஊரில் இன்றுவரை சறுக்குக் கூடம் கட்டப்படவில்லை.