சுவீகாரம் போனவருக்கு ஒரு கட்டம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. மயிலாப்பூரில் வெங்கடரமணன் வீட்டுக்குப் போகிற எவரும் அவருடைய குடும்ப மரத்தைப் பார்க்காமல் எழுந்து வர முடியாது. நானும் மாட்டினேன். கட்டம் கட்டமாக, வண்ணத்தில், ஒன்பது தலைமுறை. ஓய்வு பெற்ற நாளிலிருந்து உறவினர் ஒவ்வொருவரையும் ஃபோனில் துளைத்தெடுத்துச் சேர்த்தது.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: 'வேர்களைத் தேடும் மனிதன் ஒருநாள் தன்னையே…'

(வேண்டாம். அவர் தன்னைத் தேடவில்லை. சம்பந்தி வீட்டாரை அசத்தத்தான் தேடினார்.)

2

மகள் மதுவந்திக்கும் அடையாறு சித்தார்த்தனுக்கும் அடுத்த மாதம் கல்யாணம். காதல்தான், ஆனாலும் நிச்சயதார்த்தத்தில் சாஸ்திரிகள் கோத்திரம் கேட்டார். பெண் கௌசிகம், பிள்ளை ஸ்ரீவத்ஸம். வேறு வேறு என்றதும் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிடப் போனார்கள். மரத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட சம்பந்தி அம்மாள், அதைக் கல்யாண வாட்ஸ்அப் குழுவில் போடச் சொன்னார். தங்கள் பக்கத்தையும் சேர்த்து ஒரே மரமாக்கிவிடலாமே என்றார்.

வெங்கடரமணனின் தாத்தா பத்ரிநாராயணன் பிறந்த ஊர் மட்டும் மரத்தில் பாக்கி. அந்தத் தாத்தாவின் மகள், நங்கநல்லூரில் இருக்கும் அத்தை அபயாம்பாளைக் கேட்டார்.

"எங்கப்பா இந்தாத்துல பொறக்கலைடா. மூணு வயசுல சுவீகாரம் வந்தவர். பெத்தவா, நம்ம மாப்பிள்ளையோட வம்சம்தான். அவனோட கொள்ளுத்தாத்தாவும் எங்கப்பாவும் கூடப் பொறந்தவா. நோக்குத் தெரியும்னுன்னா நெனச்சிண்டிருந்தேன்."

அதாவது, மாப்பிள்ளை பெண்ணுக்கு அண்ணன் முறை. சுவீகாரம் போனவரின் வம்சத்தார் அவர் பிறந்த கோத்திரத்திலும் சம்பந்தம் செய்யக்கூடாது. இதை ஊருக்கெல்லாம் எடுத்துச் சொல்கிறவரே வெங்கடரமணன்தான்.

3

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: கல்யாணத்தைக் காப்பாற்ற அத்தைக்கு ஞாபக மறதி கொடுத்து எழுதிப் பார்த்தேன். அவர் ஒத்துழைக்கவில்லை. தன் அப்பாவைப் பெற்றவளின் பெயரைப் பளிச்சென்று சொன்னார். பிள்ளையைக் கொடுத்த பிறகு அந்த அம்மாள் அவன் வளர்ந்த தெருப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள் என்றும் சொன்னார். அதைக் கேட்டபின் அத்தையைப் பொய்யாக்க எனக்கு மனம் வரவில்லை.)

4

வெங்கடரமணன் தாத்தாவைப் பெற்றவர்களுக்கும் மரத்தில் ஒரு கட்டம் போட்டுவிட்டு, மகளிடம் சொல்லிவிட்டார். இந்த இடத்தில் ஒரு பத்தி அழுகை எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். மதுவந்தி அழவில்லை.

"அப்பா, சித்தார்த்தனை நேக்கு எட்டு வருஷமாத் தெரியும். இவாளை நேத்துலேர்ந்துதான் தெரியும். பெத்தவா கட்டத்தை எடுத்துட்டு அனுப்புங்கோ."

5

முடிவு ஒன்று: எடுத்துவிடுகிறார். மேளம் கொட்டுகிறது.

முடிவு இரண்டு: உள்ளபடியே அனுப்புகிறார். சம்பந்தி வீட்டார் ஒவ்வொருவராகக் குழுவைவிட்டு வெளியேறுகிறார்கள்.

முடிவு மூன்று: சம்பந்தி வீட்டுக்கு முன்பே எல்லாம் தெரிந்திருக்கிறது, யாரும் வாய்… (இது எனக்கு வசதியாக இருக்குமே என்று எழுதியது.)

எதிலும் எனக்குத் திருப்தியில்லை. அவருக்கு மகள்மேல் உயிர். மரத்தின்மேலும் உயிர், அதுதான் தொல்லை.

சம்பந்தி அம்மாள் மறுபடி கேட்டாயிற்று. மதுவந்தி எதிரே நிற்கிறாள். வெங்கடரமணன் என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன். அந்தக் கட்டத்தை அழித்துவிடலாம் என்றால் சொல்லுங்கள், அப்படியே எழுதிவிடுகிறேன். மூன்று வயதுப் பிள்ளையை அம்மாவிடமிருந்து இன்னொரு தரம் பிரிக்கிறோம் என்பது மட்டும் தெரிந்திருக்கட்டும்.