மூன்றடுக்குக் கிணறு

பிரேசர் டவுனில் கோவிந்தப்பா புதிதாகக் கட்டிய மூன்றடுக்கு வீட்டில் குடியேறிய நாளிலிருந்து சந்திரம்மாவுக்குத் தலை கால் புரியவில்லை. நீலசந்திராவில் ஒற்றைக் குழாயடியில் குடத்தோடு வரிசையில் நின்று, வரிசையிலேயே சண்டை போட்டு, வரிசையிலேயே வளர்ந்தவள் அவள். இங்கே முதல் மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த பால்கனி. குளியலறை வீட்டுக்குள்ளேயே இருந்தது. திருகினால் தண்ணீர், தட்டினால் விளக்கு. முதல் வாரம் முழுவதும் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தாள். கணவன் ராஜேந்திரன் தொழிற்சாலையில் ஃபிட்டர். பார்த்துச் சிரித்தானே தவிர ஒன்றும் சொல்லவில்லை. அவன் எதற்குமே ஒன்றும் சொல்லாதவன்.

வெள்ளைக்காரன் போய்ப் பதினாலு வருஷம் ஆகியும் கண்டோன்மென்ட்டில் சாயங்காலங்கள் அவன் விட்டுப்போன மாதிரியே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை கப்பன் பார்க்கில் பேண்டு வாசிப்பார்கள். புல்லில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டு கேட்கலாம். சனிக்கிழமை மேட்னி ஷோ. பாஷை புரியாத ஆங்கிலப் படத்தைக்கூடச் சந்திரம்மா விடமாட்டாள். திரும்பி வந்து, கதையைத் தானே தயார் பண்ணி, கீழ்வீட்டு பெர்னதெத்துக்குச் சொல்லுவாள்.

இத்தனையையும் தூக்கிச் சாப்பிடுகிற பொழுதுபோக்கு ஒன்று அவளுக்குக் குளியலறையிலேயே கிடைத்தது. மூன்று அடுக்குகளின் குளியலறைச் சன்னல்களும் கட்டடத்தின் நடுவே காற்றுக்காக விட்டிருந்த சதுர இடைவெளியில் திறந்தன. நான்கு பக்கமும் சுவர், மேலே ஒரு கைக்குட்டை அளவு வானம், அடியில் குழாய்கள். குடியிருந்தவர்கள் அதைக் கிணறு என்றார்கள். அந்தக் கிணற்றில் தண்ணீர் ஊறாதே தவிர, பேச்சு நன்றாக ஊறும். பெர்னதெத் புதுப்புடவை கேட்கும்போதெல்லாம் அவள் புருஷன் அலெக்சாண்டருக்கு இருமல் வந்துவிடும் என்பது சந்திரம்மாவுக்கு அத்துப்படி. எதிர்வீட்டுப் பெரியவர் பல் தேய்த்தபடி யாரை யாரைத் திட்டுகிறார் என்பதும் தெரியும். மத்தியான வேளையில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டுச் சன்னலுக்கடியில் உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது. அந்தச் சன்னலுக்கு இந்தப் பக்கமும் ஒரு வீடு இருக்கிறது என்பது மட்டும் அந்தக் கெட்டிக்காரிக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

இவ்வளவு சந்தோஷத்துக்கு நடுவில் ஒரே ஒரு முள். அது அவளுடைய அக்கா வள்ளியம்மா.

அப்பா அம்மா இருவரும் ஒரே காய்ச்சலில் போனபோது சந்திரம்மாவுக்கு ஆறு வயசு. அக்காதான் தூக்கி வளர்த்தாள். தனக்கென்று புருஷன் வந்து, அவனும் செத்து, அதற்கப்புறமும் தங்கையை எட்டாவது வரை படிக்கவைத்து, ராஜேந்திரன் கையில் பிடித்துக் கொடுத்தாள். அடுகோடியில் ஒரு ஒர்க்‌ஷாப் கேண்டீனில் சமையல் வேலை அவளுக்கு. போன ஐப்பசி மழையில் அவள் குடியிருந்த நீலசந்திரா வீட்டின் பின்சுவர் படுத்துவிட்டது. வீட்டுக்காரன் எல்லாரையும் காலி பண்ணச் சொல்லி, இடித்துக் கட்டத் தொடங்கினான்.

வள்ளியம்மா நேரே தங்கையிடம்தான் வந்தாள். "நாலு மாசம்தான் சந்திரா. சுவரு எழும்பினதும் போய்டுவேன். ஒரு மூலை இருந்தா போதும்."

சந்திரம்மாவின் வாயில் பொய் அவள் யோசிப்பதற்கு முன்னாலேயே வந்து நின்றது. "எனக்கு மட்டும் ஆசை இல்லையாக்கா? இந்த ஓனர் ரொம்ப ஸ்ட்ரிக்ட். ரெண்டு பேருக்கு மேல யாரும் தங்கக் கூடாதுன்னு சொல்லித்தான் வீடே குடுத்தாரு. மீறினா காலி பண்ணு இன்னுவாரு."

வள்ளியம்மா பதறிப்போனாள். "ஐயோ, அப்படின்னா வேணாம்மா. என்னால உனக்குத் தொல்லை வரக் கூடாது" என்றாள். அன்றிலிருந்து கேண்டீன் அடுப்படியில், சாக்கு விரித்துப் படுத்துக்கொண்டாள். தங்கையைப் பார்க்க வரும்போது கேட்டிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஓனர் காதில் விழாதபடி ஓசைப்படாமல் மாடி ஏறினாள். இருட்டுவதற்கு முன் கிளம்பிவிடுவாள்.

உண்மையில் கீழ்த்தளத்து முன்வீட்டில் இருந்த கோவிந்தப்பா யாரையும் ஒன்றும் சொல்லாத மனிதர். வாடகை வாங்க வந்தாலும், "ஊட்டா ஆய்தா அம்மா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். கீழ்வீட்டில் பெர்னதெத்தின் தம்பி, சித்தி, சித்தி மகன் என்று ஒரு பட்டாளமே இருந்தது. அவர் கண்டுகொண்டதில்லை.

ராஜேந்திரனுக்கு இது உறுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது, முதுகு தேய்க்க வந்தவளிடம் மெதுவாக ஆரம்பித்தான். "அக்காவைக் கூட்டிகினு வந்துடலாமே."

சந்திரம்மா சீயக்காயை அழுத்தித் தேய்த்தபடி பதில் சொன்னாள். அக்கா வந்தால் அவள் மட்டுமா வருவாள் என்றாள். அவள் வெற்றிலை டப்பாவும் வரும், சுண்ணாம்பு விரலைப் புதுச் சுவரில் தேய்ப்பாள் என்றாள். மேட்னி ஷோவுக்கு இருவராகக் கைகோத்துப் போவது அத்தோடு போச்சு என்றாள். கடைசியில் சிரித்துக்கொண்டே, ஓனர் மேல் பழியைப் போட்டதை அக்கா அப்படியே நம்பிவிட்டாள் என்றாள். அவள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு திருடியாட்டம் மாடி ஏறுவதைச் சொல்லி, நடித்துக்கூடக் காட்டினாள். ராஜேந்திரன் கண்ணில் சீயக்காய் விழுந்துவிட்டது.

தை மாதத்தில் கட்டடத்துக்கு ஒரு வயது நிறைந்தது. மொட்டைமாடியில் நாடகம் போடுவது என்று முடிவாயிற்று. நாடகத்தை எழுதி நடத்தும் பொறுப்பை யூஜின் ஏற்றுக்கொண்டான். சந்திரம்மா வீட்டுக்கு நேர் மேலே, இரண்டாம் மாடியில் தனியாக இருந்த ஆபீஸ் கிளார்க் அவன். சர்ச் ஹாலில் நாடகம் போட்டுப் பெயர் வாங்கியவன். படிக்கட்டில் பெண்கள் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்குவான். அத்தனை சாது.

அன்று சாயங்காலம் தலையில் பூ வைத்துக்கொண்டு சந்திரம்மா மாடிக்குக் கிளம்பியபோது கதவு தட்டப்பட்டது. திறந்தால் வள்ளியம்மா. கையில் செருப்பு, இடுப்பில் வெற்றிலை டப்பா, முகமெல்லாம் சிரிப்பு. "தம்பி நேத்து கேண்டீன் பக்கமா வந்துச்சு. நாடகம் போடறாங்க, வாங்கக்கான்னு கூப்பிட்டுச்சு. எனக்கு நாடகம்னா உசுருன்னு உனக்குத்தான் தெரியுமே."

சந்திரம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் சட்டைப் பொத்தானைப் போடுவதில் மும்முரமாக இருந்தான். எதற்கும் ஒன்றும் சொல்லாதவர்கள் செய்துவிடுகிற காரியம் இப்படித்தான் இருக்கும். மாடியில் கோவிந்தப்பா இருப்பார். அவர் வாயைத் திறந்தால் போதும், பொய் அம்பலமாகிவிடும்.

அக்காவைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கடைசிப் பாயில் கொண்டுபோய் உட்காரவைத்தாள். ஓனரோ முன்வரிசை நாற்காலியில். நடுவில் அத்தனை கூட்டம். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் கோவிந்தப்பா எழுந்து, அவித்த வேர்க்கடலைத் தட்டைத் தானே கையில் எடுத்துக்கொண்டு, வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். கடைசிப் பாய்க்கும் வந்தார்.

"யாரம்மா இவங்க? உங்க மனெயவரா?" உங்கள் வீட்டு மனுஷியா என்று கேட்டார்.

"தெரிஞ்சவங்க சார்" என்றாள் சந்திரம்மா.

சொன்ன பிறகுதான், சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. கூடப் பிறந்தவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தெரிஞ்சவங்க என்கிறாளே, இப்படியும் ஒருத்தி உண்டா. ஆனால் வள்ளியம்மா கொஞ்சமும் கலங்கவில்லை. தங்கையைக் காப்பாற்ற அவளும் கூடவே தலையாட்டினாள். "ஆமாங்க சாமி. நாடகம் பார்த்துட்டு உடனே போயிடுவேன்."

"ஏன் உடனே? நிதானமா இருந்து சாப்பிட்டுப் போங்க" என்று இரண்டு கைப்பிடி வேர்க்கடலை வைத்துவிட்டு அவர் நகர்ந்தார்.

"நல்ல மனுசனாத்தான் தெரியறாரு" என்று வள்ளியம்மா தங்கையின் காதில் சொன்னாள். "வீடுன்னு வந்துட்டா எல்லா ஓனரும் அப்படித்தான் போல."

சந்திரம்மாவுக்கு உயிர் திரும்பி வந்தது. கண்டம் தாண்டிவிட்டது என்று நினைத்தாள்.

போர்வைத் திரை விலகியது. புது ஃபிளாட்டுக்குக் குடிவந்த ஒரு புருஷன் பெண்டாட்டியின் கதை. பெண் வேஷமும் ஆண்கள்தான். பெண்டாட்டி புடவை கேட்டதும் புருஷன் இருமினான். கேட்கக் கேட்க இருமல் வளர்ந்து, கடைசியில் தரையில் உருண்டே இருமினான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெர்னதெத் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அலெக்சாண்டருக்கு நிஜமாகவே இருமல் வந்தது. அடுத்து ஒரு பெரியவர் பல் தேய்த்தபடி ஊரையே திட்டினார். சந்திரம்மாவுக்கு ஒரே கொண்டாட்டம். எல்லாம் தன் கிணற்றுச் சரக்கு. இது அவங்க, இது இவங்க என்று அக்காவின் விலாவில் இடித்து இடித்துச் சிரித்தாள். இந்தப் பூனையும் கிணற்றில்தான் காது வைத்திருக்கிறதா என்று யூஜினை மெச்சிக்கொண்டாள்.

மெச்சிய அடுத்த நிமிஷம் அவளுக்கு ஓர் எண்ணம் ஓடியது. யூஜினின் சன்னல் தன் சன்னலுக்கு நேர் மேலே அல்லவா இருக்கிறது?

சிரிப்பு அப்படியே வாயில் நின்றுவிட்டது.

மேடையில் பெண்டாட்டி வேஷம் புருஷனின் முதுகைத் தேய்க்க ஆரம்பித்தது. இன்னொருவன் நரைத்த டோப்பாவும் கண்டாங்கிச் சேலையுமாக, டிரங்குப் பெட்டி அளவு பெரிய தகர டப்பா ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து ஓரமாக நின்றான். டப்பா மேல் 'வெற்றிலை' என்று எழுதியிருந்தது.

வள்ளியம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தன் டப்பாவைத் தூக்கித் தங்கைக்குக் காட்டினாள். "பாரு சந்திரா, என்னாட்டமே டப்பா வெச்சிகினு கீறான்."

எழுந்து ஓடிவிடலாமா, வயிற்றுவலி என்று அக்காவை இழுத்துக்கொண்டு போய்விடலாமா என்று சந்திரம்மா தவித்தாள். அதற்குள் மேடையில் அவளுடைய வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன.

"அக்கா வந்தா அவ மட்டுமா வருவா? அவ டப்பாவும்தானே வரும். புதுச் சுவரெல்லாம் சுண்ணாம்பு விரல்."

கூட்டம் சிரித்தது. வள்ளியம்மாவும் சிரித்தாள். ஆனால் அவள் கண் தன் விரல் நுனியில் காய்ந்திருந்த சுண்ணாம்பைப் பார்த்தது.

"ஓனர் மேல பழியைப் போட்டுட்டேன். ரெண்டு பேருக்கு மேல விடமாட்டாருன்னு சொன்னேன், அப்படியே நம்பிட்டா. இப்ப வரும்போதெல்லாம் செருப்பைக் கையில எடுத்துகினு, திருடியாட்டம் மாடி ஏர்றா."

டப்பாக்காரன் இரண்டு செருப்பையும் கையில் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில் மேடையைச் சுற்றி வந்தான். மொட்டைமாடியே அதிர்ந்தது. முன்வரிசையில் கோவிந்தப்பா தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். யூஜினுக்கு யார் மேலும் வன்மம் இல்லை. கிணற்றில் கேட்டது ஒரு குரல், அவ்வளவுதான். அந்தக் குரல் சொன்ன அக்கா கடைசிப் பாயில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

சந்திரம்மாவுக்கு முகத்தைத் திருப்பவே தைரியம் வரவில்லை. கண்ணின் ஓரத்தால் பார்த்தாள். வள்ளியம்மா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. மடியில் இருந்த வெற்றிலை டப்பாவின் மேல் முந்தானையை மெதுவாக இழுத்து மூடினாள். பிறகு பக்கத்தில் வைத்திருந்த செருப்புகளையும் பாய்க்கு அடியில் தள்ளினாள். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அவளுக்குத்தான் வெட்கமாக இருந்தது. வெட்கப்பட வேண்டியவள் கல்லாய்ச் சமைந்து உட்கார்ந்திருந்தாள்.

திரை மூடும்வரை வள்ளியம்மா எழுந்திருக்கவில்லை. நடுவில் எழுந்தால் எல்லாரும் தங்கையைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்தாளோ என்னவோ. கூட்டம் கலைந்த பிறகு இருவரும் இறங்கி முதல் மாடிக்கு வந்தார்கள். ராஜேந்திரன் வெளிறிப்போய்க் கதவோரம் நின்றான்.

"சாப்ட்டுட்டு போக்கா" என்றாள் சந்திரம்மா. "மீன் கொழம்பு வெச்சிருக்கேன்."

வள்ளியம்மா தங்கையின் தலையில் சரிந்திருந்த பூவை எடுத்து நேராகச் செருகினாள். சின்ன வயசிலிருந்து பழகிய கை, தன்னால் செய்தது.

"வேணாம்மா" என்றாள். "உங்க ஓனர் ஏதாச்சும் சொல்லப்போறாரு."

சொல்லிவிட்டுக் கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டு, காலில் மாட்டிக்கொண்டாள். அந்தப் படிக்கட்டில் அவள் செருப்பு போட்டது அதுதான் முதல் தடவை. ராஜேந்திரன் பஸ் வரைக்கும் வருகிறேன் என்று பின்னாலேயே ஓடினான்.

சந்திரம்மா குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். ஓவென்று அழவேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்தவள் சன்னலைப் பார்த்துவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கிணற்றில் ஒரு பேச்சு இல்லை, ஒரு பாத்திரச் சத்தம் இல்லை. மூன்றடுக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. படிக்கட்டில் இறங்கும் செருப்புச் சத்தம் மட்டும், கேட் வரைக்கும், ஒவ்வொரு அடியாகக் கேட்டது.