கண்மாய்க்கரை ஸ்டாப்

எங்கள் ஊரின் பெயரைச் சொன்னால் ரகுநாத் சார் கோபித்துக்கொள்வார். அன்னவாசலுக்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வளாகத்தில் ஆறு ஆபீஸ். தினமும் காலையில் புதுக்கோட்டையிலிருந்து நாற்பது கார் வரும், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஆள். பின்னாலேயே டவுன் பஸ் காலியாக வரும். அதில் டிரைவர் திருப்பதி, ஒரு கண்டக்டர், பூ விற்கிற செல்வராணி, அவளுடைய இரண்டு கூடை. கூடைகளுக்கும் ஆளுக்கொரு சீட் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் பஸ் நிறையவில்லை.

டெப்போவிலிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை செக்கர் வந்து எண்ணுவார், நாற்பது பேர் இல்லையென்றால் பஸ் நிறுத்தப்படும்.

"பஸ் நின்னா நான் கூடையத் தூக்கிக்கிட்டு நடந்தா வாரது? வந்து சேர்றதுக்குள்ள பூவு சருகாயிரும்," என்றாள் செல்வராணி.

பேரூராட்சி செயல் அலுவலர் சுடர்விழி மேடம் மறுநாளே ஒரு போர்டு வைத்தார். மூன்று பேருக்குக் குறையாமல் வரும் காருக்கு மட்டும் ஆபீஸ் வாசல் வேப்பமர நிழல். மற்றதெல்லாம் ஒரு கிலோமீட்டர் தள்ளி, கண்மாய்க்கரை வெயிலில்.

"நெழல் இல்லைன்னா காரை வீட்டுல விட்டுட்டு பஸ்ல வருவாங்க அய்யா," என்று சொல்லி, தலை எண்ண என்னை வைத்தார். முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டராக இருந்தவன். கொட்டாவி விடுவதற்குள் ஒரு பஸ்ஸை எண்ணிவிடுவேன்.

முதல் நாளே வேளாண்மை ஆபீஸ் ரகுநாத் சார் மூன்று பேராக வந்தார். பின்சீட்டில் இருந்த இருவரும் சட்டை போட்டு, தொப்பி வைத்து, வாயே திறக்கவில்லை.

"யாரு சார் இவங்க?"

"சொந்தக்காரங்கய்யா. பேச மாட்டாங்க. வீட்டுல ஒரு துக்கம்."

ஒருவர் விலாவில் ஓட்டை விழுந்து நிலக்கடலை சிந்திக்கொண்டிருந்தது.

"துக்கம் ரொம்பத்தான் சார்," என்று சொல்லிக் கரைக்கு அனுப்பினேன். வண்டியைத் திருப்புவதற்குள் அந்தச் சொந்தக்காரரில் பாதியைக் கோழி தின்றுவிட்டது.

வியாழக்கிழமை லீவு போட்ட இரண்டு பேர் போக, கரையில் முப்பத்தெட்டு கார். எல்லோரும் வேர்த்து விறுவிறுத்து நடந்து வந்தார்களே தவிர, பஸ் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நான் கரைக்கே போய் நின்றேன். முப்பத்தெட்டு பேரும் காரைப் பூட்டிக்கொண்டிருக்க, பஸ் வந்தது. வெள்ளிக்கிழமைக் கோயிலுக்குப் போகிறவர்களையும் சேர்த்து உள்ளே பதினொரு தலை, முன்சீட்டில் செக்கர். அங்கே ஸ்டாப்பே கிடையாது. ஒரு விசில் நீளமாக ஊதினேன். திருப்பதி என்னோடு இருபது வருஷம் ஓட்டியவன். தலைக்குச் சேதி போவதற்குள் கால் பிரேக்கை மிதித்துவிட்டது.

"ஆபீஸ் ஆபீஸ் ஆபீஸ். ஏறு ஏறு. உள்ள எடம் இருக்கு, கம்பியப் பிடிச்சு அங்கிட்டுப் போ."

அவ்வளவுதான். டவுன் பஸ்ஸில் வளர்ந்த உடம்பல்லவா எல்லாம்? ஜன்னல் வழியாகத் துண்டு பறந்தது, சாப்பாட்டுப் பை பறந்தது, ஒருவர் அடையாள அட்டையைக் கழற்றி எறிந்தார். கையில் வேறொன்றும் இல்லாத ரகுநாத் சார் கார் சாவியைப் போட்டு ஜன்னலோர சீட்டைப் பிடித்தார்.

"ஒரு ஸ்டாப்புக்கு ஏறுறதெல்லாம் கணக்கா பெரியவரே?" என்றார் செக்கர்.

"டிக்கெட் குடுத்தாச்சு சார். பஸ்ஸுக்குள்ள நிக்கிறவன் பயணி இல்லாம மாப்பிள்ளையா?"

நாற்பத்தொன்பது என்று எழுதிக்கொண்டார்.

ஆபீஸ் வந்தும் ஒருவரும் இறங்கவில்லை. பிடித்த சீட்டை விட மனசு வர வேண்டுமே. சுடர்விழி மேடம் வருகைப் பதிவேட்டை ஜன்னல் வழியாக நீட்டிக் கையெழுத்து வாங்கினார். பிறகு துண்டையெல்லாம் சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்கினார்கள். அன்று பகல் நாலு ட்ரிப்பும் அந்தப் பஸ் துண்டுகளோடு ஓடியது. எடுத்துப் போட்டு உட்கார்ந்தவர் எவருமில்லை, அந்த நாணயம் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. சாயங்காலம் அவரவர் துண்டில் அவரவர் உட்கார்ந்தார்கள். கண்மாய்க்கரையில் திருப்பதி நிறுத்தினான். இறங்கினால் சீட் போய்விடும் என்று நேராகப் புதுக்கோட்டைக்கே போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை காரை எடுக்க வர வேண்டுமே. பஸ்ஸில்தான் வந்தார்கள். வரும்போதே சீட் பிடித்தார்கள். இப்படியே ஆறு வாரம் ஆகிறது. பஸ் நிற்காது என்று டெப்போவும் எழுதிவிட்டது.

நேற்று செல்வராணிக்கு உட்கார இடமில்லை.

"சார், ஒங்களுக்குத்தான் கார் இருக்குல்ல. எந்திரிச்சு எடம் விடலாம்ல?"

"கார் கம்மாக்கரையில நிக்குதும்மா. இந்த பஸ்ஸ விட்டா நான் எப்படிப் போயி எடுக்கிறது?" என்றார் ரகுநாத் சார். எழுந்திருக்கவில்லை. ஆனால் இரண்டு கூடையையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பூவில் வெயில் படாமல் ஜன்னல் பக்கம் குனிந்தபடியே ஆபீஸ் வரை வந்தார்.