விட்டுவிட்ட ஒன்பது

சலூன்காரர் எதற்கும் அஞ்சாதவர், மனைவியின் வாய் ஒன்றைத் தவிர. ஒன்று சொன்னால் ஒன்பது பதில் வரும். தெரிந்ததற்கும் பதில், தெரியாததற்கும் பதில். அவரைப் பெற்ற அம்மாவே மருமகளிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாமல் ஒதுங்கிப் போவார்.

அப்படிப்பட்டவள்தான் செவிலியர் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா படுத்த படுக்கையானபோது நின்றுபோன படிப்பு. அடுத்த ஆண்டு வயது வரம்பு தாண்டிவிடும். இந்தத் தடவை கோட்டை விட்டால் அவ்வளவுதான்.

கடை விடுமுறையன்று மாதிரித் தேர்வு. சுழல் நாற்காலியில் அவள், கண்காணிப்பாளராக அவர். "பேசக் கூடாது" என்று மிடுக்காகச் சொன்னார். வாழ்நாளில் அப்படிச் சொல்ல இன்னொரு வாய்ப்பு கிடைக்காதே.

நேரம் முடிந்தபோது விடைத்தாளில் ஒரு கேள்விகூட மிச்சமில்லை. அவர் பூரித்துப்போனார். திருத்தி முடித்ததும் முகம் தொங்கிப்போயிற்று. சரியான விடைக்கு இரண்டு மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழிவு, தொடாமல் விட்டால் லாபமுமில்லை நட்டமுமில்லை. தெரிந்து வாங்கியதையெல்லாம் குருட்டாம்போக்கில் போட்டவை தின்றுவிட்டிருந்தன.

"தெரியாததுக்கு ஏன் போட்ட?"

"கேட்டா பதில் சொல்லாம எப்படிங்க இருக்கறது?"

அழுவாள் என்று நினைத்தார். அவளோ, அதுவரை புரட்டித் தள்ளிய விதிமுறைப் பக்கத்தை எடுத்து வைத்து வரி வரியாகப் படித்தாள். பிறகு கண்ணாடி முன்னாலிருந்த நான்கு எண்ணெய் பாட்டில்களை வரிசையாக நிறுத்தினாள்.

"ஒரு கேள்விக்கு நாலு விடை, இதுல ஒண்ணுதான் சரி. எதுன்னு தெரியாம நாலு தடவை எடுத்தா ஒரு தடவை மாட்டும், ரெண்டு வரும். மூணு தடவை தப்பும், மூணு போகும். நட்டம்." இரண்டு பாட்டில்களைத் தள்ளி வைத்தாள். "இது ரெண்டும் இல்லன்னு தெரிஞ்சா மீதியில ஒண்ணை எடுக்கலாம். அப்ப லாபம். நாலும் ஒண்ணு போலத் தெரிஞ்சா கையே வைக்கக் கூடாது."

தினமும் துடைத்து வைக்கும் பாட்டில்களை அவர் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். இவளையா இத்தனை நாள் வாயாடி என்றே நினைத்திருந்தோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது.

அன்றிலிருந்து வீட்டிலேயே பயிற்சி தொடங்கிவிட்டது. "இந்த வயசுல படிப்பு எதுக்கு?" என்று மாமியார் கிளறினார். அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். மாமியார் மிரண்டுபோய் மகனைத் தனியே அழைத்தார்.

"அவளுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையாப்பா?"

வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. சாப்பிடும்போது தட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. அவருக்கு அது பிடிக்கவேயில்லை.

தேர்வு நாளில் வாசலிலேயே காத்திருந்தார்.

"எல்லாம் போட்டியா?"

"ஒன்பது விட்டுட்டேன்."

"நேரம் பத்தலையா?"

"நேரம் இருந்துதுங்க. கை துறுதுறுன்னுச்சு. பேனாவ மூடிட்டுக் கைய கட்டிக்கிட்டு உக்காந்துட்டேன்."

எத்தனையோ பேர் எத்தனையோ படித்திருக்கலாம். இவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததுதான் பெரிது. பக்கத்தில் ஆள் இருந்ததையும் மறந்து அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முடிவு வந்தது. கடைசியாக இடம் பெற்றவள் அவள்தான். ஒரு மதிப்பெண் குறைந்திருந்தாலும் கதவு சாத்தியிருக்கும். அந்த ஒன்பதிலும் குருட்டாம்போக்கில் கை வைத்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தபோது அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

மாமியார் மருமகளின் கன்னத்தைத் தடவிக் கொடுத்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இனிமே வீட்டுலயும் இப்படி வாய மூடிக்கிட்டுத்தான் இருப்பியாம்மா?"

"அங்க தப்பா சொன்னா மார்க் போகும் அத்தை. இங்க என்ன போகுது?" என்று ஆரம்பித்தவள், இந்த வயதில் படிப்பு எதற்கு என்ற பழைய கேள்வியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்லத் தொடங்கினாள். சலூன்காரர் கடை திறக்கும் நேரம் தாண்டியும் நகராமல் கேட்டுக்கொண்டே நின்றார்.