கூரையில் பட்ட வெளிச்சம்

கணவன் இறந்து சில வாரம் கழித்து, அவன் வேலை பார்த்த ஆலையிலிருந்து ஒரு பை வந்தது. உள்ளே அவனுடைய சாப்பாட்டு டப்பாவும் டார்ச்சும் இருந்தன. டப்பாவை யாரோ கழுவித்தான் வைத்திருந்தார்கள். அவள் மறுபடியும் கழுவிக் கவிழ்த்தாள்.

மோட்டார்களைச் சுற்றிப் பார்க்கும் வேலை அவனுக்கு. கரண்ட் போயிருந்த நேரத்தில், மூடி திறந்து கிடந்த தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்துவிட்டான். "கையில அவ்வளவு பெரிய டார்ச் இருந்தும் பார்க்காம காலை வச்சிட்டாரும்மா" என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் சொன்னார். அப்போதும் அவள் அழவில்லை, பிறகும் அழவில்லை. அக்கம்பக்கம் அதற்கு என்னென்னவோ பேசியது. காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை.

மொபைல் கடையில் வேலை பார்க்கும் கொழுந்தன் வந்தபோது டார்ச்சை நீட்டினாள்.

"இது எவ்வளவு வெளிச்சம் தரும்னு அளக்க முடியுமா தம்பி?"

"அதுக்குன்னு மெஷின் இருக்கு அண்ணி, நமக்குக் கட்டுப்படியாகாது. குத்துமதிப்பா வேணா வீட்டுலயே பார்க்கலாம். எதுக்கு?"

"பார்க்கணும்."

டார்ச்சுக்கு முழுக்க சார்ஜ் ஏற்றினார்கள். குளியலறை ஜன்னலைப் போர்வையால் அடைத்தான். வெளிச்சம் அளக்கும் ஆப்பைப் போனில் இறக்கி, போனைத் தரையில் ஓர் ஓரமாக மல்லாக்க வைத்தான். வாளியைக் கவிழ்த்து, கடையிலிருந்து எடுத்து வந்த நல்ல டார்ச்சை அதன்மேல் கூரையைப் பார்க்க நிறுத்தினான். வெளிச்சம் கூரையில் பட்டு அறை முழுக்கப் பரவியது. போன் முப்பது காட்டியது.

"இது முந்நூறு லூமன், நம்பலாம். இனி இதுதான் நமக்குப் படிக்கல்லு. போன் காட்டுறதைப் பத்தால பெருக்கிக்கலாம்."

அண்ணனுடைய டார்ச்சில் ஆயிரம் என்று போட்டிருந்தது. போன் தொண்ணூற்றாறு காட்டியது.

"பொய் சொல்லல அண்ணி. கிட்டத்தட்ட சரிதான்." அணைக்கக் கை நீட்டினான்.

"இருக்கட்டும். அவரு போட்ட உடனே அணைச்சிருக்க மாட்டாரே."

இருவரும் சுவரோடு சாய்ந்து நின்றார்கள். எண் எழுபதானது, ஐம்பதானது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மெல்லக் குறைகிற வெளிச்சத்துக்குக் கண் பழகிப்போகிறது. எட்டில் வந்து நின்றது.

"சூடானா தானா இறங்கிடுது. அண்ணனுக்குத் தெரிஞ்சே இருக்காது..." கொழுந்தன் குளியலறை வாசற்படியிலேயே உட்கார்ந்து விம்மி அழுதான். அவள் அவன் தலையில் கை வைத்தாள். முடி வியர்வையில் நனைந்திருந்தது. அது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் ஆலைக்குப் போய், ஸ்டோர் ரூம் கதவைச் சாத்தி, அதையே சூப்பர்வைசருக்கும் செய்து காட்டினார்கள். வேலையாட்கள் சுற்றி நின்றார்கள். எண் இறங்க இறங்க அவர் முகமும் இறங்கியது.

"ஆளுக்கொண்ணு இதே டார்ச்தாம்மா வாங்கிக் கொடுத்திருக்கோம்."

"டார்ச்ச விடுங்க சார், மூடியத் திறந்து போட்டது யாருன்னு கேளுங்க" என்றார் பின்னாலிருந்த ஃபிட்டர்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "அன்னிக்கு எல்லார் முன்னாலயும் சொன்னீங்க. இப்பவும் எல்லாரும் இருக்காங்க."

சூப்பர்வைசர் டார்ச்சை அணைத்தார். "அவர் மேல தப்பு இல்லம்மா. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

நெஞ்சில் ஏதாவது இளகும் என்று காத்திருந்தாள். ஒன்றும் இளகவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அந்த டார்ச்சுகளையெல்லாம் அன்று மாலையே திருப்பி வாங்கிவிட்டார்கள் என்று பிறகு தெரிய வந்தது.

வீட்டு வாசலில் கொழுந்தன் கேட்டான். "இப்பவாவது மனசு ஆறிச்சா அண்ணி?"

"தெரியல தம்பி. மழை வர்ற மாதிரி இருக்கு, கொடியில துணி கிடக்கு. எடுத்துட்டு வா."